குளமா, பாத்தியா, தொட்டியா?

2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியும், எங்களுக்கு ஊர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம் 1917-இல் இந்தப் பக்கத்தில்தான் போடப்பட்டது. அதன் பெயர் தென்னமரம். அன்றைக்கு இங்கே மண்வெட்டி பிடித்தது யார் என்று பெயரே சொல்லிவிடும். நூறு வருஷம் கடந்தும், சாயந்திரக் காற்று ஆலைப் பக்கமிருந்து திரும்பினால் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஜன்னலைச் சாத்துவார்கள். செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுநீரின் வாடை அப்படி. அந்தத் தண்ணீரைக் குளத்தில் சுத்தம் செய்வதா, பாத்தியில் விடுவதா, தொட்டியில் அடைப்பதா என்பதுதான் கேள்வி.

ஒரு டன் செம்பனைக் குலையை ஆவியில் வேகவைத்துப் பிழிந்தால் அரை டன்னுக்கு மேல் கழிவுநீர் வரும். பழுப்புக் கஞ்சி போல, புளித்த வாசத்தோடு, 80 டிகிரிக்கு மேல் சூடாக வெளியே வரும். எண்ணெய் எடுக்க ரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை என்பதால் நஞ்சென்று சொல்ல முடியாது. ஆனால் பிஓடி, அதாவது அழுக்கைச் சிதைக்கக் கிருமிகள் இழுக்கும் ஆக்சிஜனின் அளவு, லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். வீட்டுச் சாக்கடைக்குச் சில நூறுதான். அப்படியே ஆற்றில் விட்டால் தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன் மூச்சுத் திணறிச் செத்துவிடும். எங்கள் சிலாங்கூர் ஆறு, கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்குக்குக் குடிநீர். அதே ஆற்றில் இன்னும் கீழே போனால் கம்போங் குவாந்தான் மின்மினிகள்.

1977-இல் வந்த விதிகள் ஆற்றில் விடும் தண்ணீரின் பிஓடி உச்ச அளவை 1978-இல் 5,000 என்று தொடங்கி 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தன. நிலத்தில் விடுவதென்றால் 5,000 வரை போகலாம். எந்த வழி என்ற பேச்சே இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நடக்கிறது.

முதலில் குளம். பெரும்பாலான ஆலைகளில் இருப்பது இதுதான்: ஆறவைக்க ஒன்று, காற்றில்லாக் கிருமிகள் வேலை செய்ய ஆழமானவை சில, கடைசியில் ஆழமில்லாதவை. மலிவு, மின்சாரம் அதிகம் வேண்டாம். ஆனால் 5,000-க்குக் கீழே இறக்குவது சுலபம், அங்கிருந்து 100-க்கு இறக்குவதுதான் பாடு. அடியில் சேறு சேரச் சேரக் குளம் சுருங்கும், தண்ணீர் தங்கும் நாள் குறையும், எண் ஏறும். நான் சோதனைக்கூடத்தில் இருந்த காலத்தில் எண் ஏறிய பிறகுதான் சேறு அள்ள ஆள் வருவார்கள். 100-க்கு இறங்கிய தண்ணீரும் தேயிலைச் சாயமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து ஊர்க்காரர்கள் புகார் சொல்வது தனிக்கதை.

அப்புறம் பாத்தி. பாதி வழி சுத்தமான தண்ணீரைச் செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஆழமில்லாத பாத்திகளில் விடுவது. மேட்டுப் பாத்தி நிறைந்து அடுத்ததற்கு வழியும், அது நிறைந்து அதற்கும் கீழே. வெயிலில் காய்ந்ததும் மேலே அப்பளம் போல ஓர் ஏடு கட்டும். அதை மண்வெட்டியால் புரட்டினால் அடியில் வெள்ளை வெள்ளையாக வேர் நுனிகள் மேலே ஏறி வந்திருக்கும். சாப்பாடு எங்கே இருக்கிறதென்று மரத்துக்குத் தெரிகிறது. ஏட்டைச் சுரண்டாமல் விட்டால் தண்ணீர் இறங்காது, ஈ மொய்க்கும்.

ஒரு நவம்பரில் மழை விடாமல் பெய்தபோது எங்கள் ஆலையில் குளம் நிறைந்துவிட்டதென்று பாத்திக்குத் திறந்துவிட்டார்கள். மறுநாள் காலை பக்கத்துக் கால்வாயில் மீன் மல்லாந்து மிதந்தது. குளம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் சொன்னார்: “தம்பி, மண்ணும் மாடு மாதிரிதான். பசிக்கும்போது போடணும். வயிறு நிறைஞ்சிருக்கும்போது போட்டா கக்கிடும்.” பாத்தியின் பலவீனத்தை இதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மழைக்காலத்தில் தண்ணீரைத் தேக்கி வைக்கக் காலிக் குளம் ஒன்று இல்லாமல் பாத்தி போடக்கூடாது.

மூன்றாவது, மூடிய தொட்டி. திறந்த குளத்திலிருந்து மீத்தேன் வானத்துக்குப் போகிறது. தொட்டியில் அதைப் பிடித்து எரித்து மின்சாரம் எடுக்கலாம். 2014 ஜனவரி முதல் புதிய ஆலைகளுக்கும், கொள்ளளவைக் கூட்டும் ஆலைகளுக்கும் இது கட்டாயம். வாடையும் நன்றாகவே குறையும். முதலீடு பெரிது. எடுத்த மின்சாரத்தை வாங்க மின்கம்பி பக்கத்தில் இல்லையென்றால் வாயுவைச் சும்மா எரித்துவிட வேண்டியதுதான்.

பலர் தொட்டியையும் பாத்தியையும் எதிரெதிராக நிறுத்துகிறார்கள். அது தப்பு. தொட்டி கரிமத்தைத்தான் தின்னும், மரத்துக்கு உரமான பொட்டாசியத்தைத் தொடாது. ஒரு நாளைக்கு 600 டன் குலை பிழியும் ஆலையில் சுமார் 360 டன் கழிவுநீர். டன்னுக்கு 2 கிலோ பொட்டாசியம் என்று வைத்தால் 720 கிலோ. 50 கிலோ பொட்டாஷ் உர மூட்டையில் பாதிதான் பொட்டாசியம் என்பதால் ஏறக்குறைய 29 மூட்டை, ஒவ்வொரு நாளும்! குளம் வழியாக ஆற்றில் விடும் ஆலை இதையும் சேர்த்துத்தான் விடுகிறது. அதே தோட்டத்து உரக்கிடங்கில் லோரி வந்து பொட்டாஷ் இறக்கிக்கொண்டிருக்கும்.

அதனால் சொந்த நிலம் உள்ள தோட்டத்து ஆலைக்கு என் ஓட்டு பாத்திக்கு. பணம் இருந்தால் முன்னால் ஒரு தொட்டி. ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் மழைக்குச் சமமாக விட்டால் மேலே சொன்ன ஆலைக்கு நூறு ஹெக்டருக்கு மேல் வேண்டும். பாத்தி உள்ள பகுதிக்கு கிராணி (தோட்டத்து எழுத்தர்) உரக்கணக்கைக் குறைக்கவும் வேண்டும். நான் இருந்த இடத்தில் அதற்கே மூன்று வருஷம் ஆனது. அதற்குள் பொட்டாசியம் மிஞ்சி, மக்னீசியம் போதாமல் மட்டைகள் மஞ்சளடித்துவிட்டன.

நிலமே இல்லாமல் வெளிக்குலையை வாங்கிப் பிழியும் ஆலைக்கு இந்தக் கணக்கு உதவாது. அவர்களுக்குத் தொட்டியும், நேரத்துக்குச் சேறு அள்ளிய குளமும்தான். அள்ளிய சேற்றை என்ன செய்வதென்று அவர்கள் யோசிக்க வேண்டியதில்லை. காய்ந்ததும் மிளகாய்ச் செடிக்கென்று லயத்துக்காரர்களே சாக்கோடு வந்துவிடுவார்கள்.