ஒட்டுப்போட்ட த்ரஸ்டரும் செராத்திங் அலையும்: ஃபின் கோணம் பற்றி என் அனுபவம்

அலைச்சறுக்குப் போர்டின் அடியில், வால் பக்கம் துடுப்புபோல நிற்பதுதான் ஃபின். பக்க ஃபின் இரண்டும் முறிந்த பழைய த்ரஸ்டர் (மூன்று ஃபின் உள்ள போர்டு) ஒன்று மலிவாகக் கிடைத்தது. செந்தூல் ஃபிளாட் வராண்டாவில் வைத்து நானே ஒட்டினேன். ரெசின் நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "என்ன தம்பி, கப்பல் கட்டுறியா?" என்று எட்டிப் பார்த்தார். சில மழைக்காலங்கள் அதிலேயே ஓட்டியாகிவிட்டது. கோணம் எத்தனை என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

த்ரஸ்டர் என்னும் மூன்று ஃபின் அமைப்பை 1980இல் உருவாக்கியவர் ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன். நடு ஃபின் நேராக, செங்குத்தாக நிற்கும். பக்க ஃபின்களின் முன்முனை போர்டின் மூக்குப் பக்கமாக உள்ளே திரும்பியிருக்கும், அது டோ. வெளிப்பக்கம் சாய்ந்தும் இருக்கும், அது கேன்ட். டோ கூடினால் போர்டு சட்டென்று திரும்பும், நேராக ஓடும்போது வேகம் குறையும். கேன்ட் குறைந்தால் நேரோட்டம் நன்றாக இருக்கும், திருப்பம் விறைக்கும்.

என் ஃபின் அடி 115 மி.மீ. நீளம். அதன் பின்முனையைவிட முன்முனை நடுக்கோட்டுக்கு 6 மி.மீ. நெருக்கமாக வைத்தேன், ஏறக்குறைய 3 பாகை. கேன்ட் 6 பாகை. இதை அளப்பதில்தான் சிக்கல். வால் பகுதியின் அடி தட்டையாக இல்லை, அதனால் அங்கே வைத்த மட்டம் எதையோ காட்டும். நல்லவேளையாக நடு ஃபின் முழுசாக இருந்தது. போர்டைக் கவிழ்த்து, நடு ஃபின் செங்குத்தாக நிற்கும்வரை அடியில் துணி மடித்துக் கொடுத்தேன். அப்புறம் கைப்பேசியின் மட்டச் செயலியைப் பக்க ஃபினின் உள்முகத்தில் வைத்துச் சாய்வைப் பார்த்தேன். வெளிமுகம் வளைந்தது, அங்கே வைத்தால் கணக்கு தப்பும். முதலில் கொஞ்சம் ரெசினில் நிறுத்தி, டேப்பால் இழுத்துப் பிடித்து, இறுகுவதற்குள் மறுபடி அளக்க வேண்டும். கோலாலம்பூர் வெயிலில் ரெசின் மளமளவென்று இறுகிவிடும் என்பதால் வேலையை இரவில் வைத்துக்கொண்டேன். கண்ணாடியிழைத் துணி போர்த்துவது அதற்கப்புறம்தான். என் போர்டின் உள்ளே இருப்பது பாலியூரித்தேன் நுரை. ஸ்டைரோஃபோம் போர்டு என்றால் எபாக்ஸிதான். பாலியெஸ்டர் ரெசின் பட்டால் நுரை கரைந்துவிடும்.

மலேசியாவின் கிழக்குக் கரையில் உள்ள செராத்திங்கில் நவம்பர் முதல் மார்ச் வரை அலை வரும், இடப்பக்கம் ஓடும் அலை. அதில் இடப்பக்க ஃபின்தான் அதிகம் உழைக்கும். அதனால் வலது ஃபினில் குறை இருந்தாலும் அங்கே சரியாகத் தெரியாது. நண்பர் ஒருவர் வாங்கிய பழைய போர்டில் இரண்டு டோவும் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு வேறுபட்டன. இடப்பக்கம் ஒழுங்காகப் போகும், நேராக விட்டாலோ ஒரு பக்கமாக இழுக்கும். என்னுடையதில் அந்தத் தொல்லை இல்லை. சிறிய அலையில் சுலபமாகத் திரும்புகிறது, வேகம் மட்டும் சுமார்தான்.

குறை இல்லாமல் இல்லை. ஒட்டிய ஃபினைக் கழற்ற முடியாது, கார் கூரையில் போர்டுகளை அடுக்கும்போது பெரிய இடைஞ்சல். ஆழமில்லாத இடத்தில் மணலில் இடித்து, இடது ஃபின் அடியில் மயிரிழை விரிசல் விட்டது. உடனே காயவைத்து அடைத்தேன், இதுவரை தாங்குகிறது. பாக்ஸ் (ஃபினைச் செருகிக் கழற்றும் பொருத்தி) வைத்த போர்டாக இருந்தாலும் பெரும்பாலும் பாக்ஸ் பதித்த திசைதான் டோவைத் தீர்மானிக்கும். பழைய போர்டு வாங்கப் போகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன் அளவு நாடாவால் இரண்டு பக்கத்தையும் அளந்து பாருங்கள்.