நாலு த்ரொட்டிலுக்கு மனிபோல்ட்: வன்னியில் இரும்பா, அலுமினியமா?

கொரோலா 110-இன் 5ஏ-எஃப்இ எஞ்சினில் காற்றைத் திறந்து மூடும் ஒற்றை த்ரொட்டிலைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு ஒன்றாக நாலு த்ரொட்டில் பொடி போடுவதென்றால் தலையிடி தொடங்கும் இடம் மனிபோல்ட், அதாவது த்ரொட்டிலில் இருந்து எஞ்சின் ஹெட்டுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த்தொகுதி. கடையில் தயாராக வாங்க ஒன்றும் இல்லை, செய்துதான் ஆகவேண்டும். எதில் செய்வது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் அலுமினியம் என்பார்கள். நான் இரும்பில் செய்து ஓடுகிறேன். என் கூட்டாளி ஒருவன் பரந்தன் பக்கம், அலுமினியத்தில் செய்தவன். இரண்டு காரும் ஒரே கொட்டிலுக்குள் பொனட் திறந்தபடி நின்றிருக்கின்றன. என் சாய்வு இரும்புப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கொம்பனியிலேயே நாலு த்ரொட்டிலோடு வந்த ரொயோட்டா எஞ்சின் உண்டு. 4ஏ-ஜிஇ 20 வால்வ், 1991-இல் வெள்ளி மூடியோடும் 1995-இல் கறுப்பு மூடியோடும் வந்தது. அந்தச் செட் கொழும்புப் பஞ்சிகாவத்தையின் பழைய பாகக் கடைகளில் அகப்பட்டாலும் எஃப்இ ஹெட்டில் நேராகப் பூட்ட முடியாது. ஹெட்டில் காற்று நுழையும் வாயான போர்ட்டின் வடிவமே வேறு. அதனால் நாங்கள் இருவரும் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750 மோட்டார் சைக்கிளின் பழைய செட்டை எடுத்தோம். 2000-க்குப் பிந்தியவற்றில் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் இரண்டு தட்டு இருக்கும். மேல் தட்டு கொம்பியூட்டர் சொல்கிறபடி திறப்பது. காருக்கு அது தேவையில்லை, கழற்றிவிட்டுத் தண்டுத் துளையை அடைத்துவிட வேண்டும். மோட்டார் சைக்கிளில் சிலிண்டர்கள் நெருக்கம், காரில் இடைவெளி கூட. செட்டைப் பிரித்து நடுவில் இணைப்பை நீட்டலாம், அல்லது மனிபோல்ட் குழாய்களை உள்நோக்கி வளைக்கலாம். பிரித்து நீட்டுவதுதான் நல்லது. நாலு குழாயும் நேராகவும் ஒரே நீளமாகவும் வரும்.

குதிரைவலு எவ்வளவு கூடும் என்று கேட்பவர்களுக்கு: 1498 சிசி, வால்வைத் திறக்கும் காம் சாஃப்டும் கொம்பனியுடையதே, பெரிதாக ஒன்றையும் எதிர்பார்க்க வேண்டாம். காலை வைத்ததும் பாயும், சத்தம் கேட்க ஆசையாக இருக்கும். இந்த விசயத்தில் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் பேதம் கிடையாது. பாரத்தில் அலுமினியம் வெல்லும். இரும்புக் குழாய் 2 மில்லிமீற்றர், அலுமினியம் 3 மில்லிமீற்றர் தடிப்பு என்று வைத்தாலும் இரும்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு நிறை. ஏ9 வீதியில் அந்த ஓரிரு கிலோவை யாரும் உணரப்போவதில்லை. வடிவிலும் அலுமினியம்தான், அதற்கு வாதமே இல்லை.

எனக்கு முடிவைத் தந்தது பழுது. வெடித்தால் யார் ஒட்டுவது?

இந்த வேலையில் வெடிப்பு வருமா என்றால், வரும். த்ரொட்டில் பொடி, இன்ஜெக்டர், பெற்றோல் ரெயில், அதற்கு முன்னால் காற்றுப் பெட்டி எல்லாம் சேர்ந்து ஹெட்டில் இருந்து ஒரு முழத்துக்கு அந்தரத்தில் தொங்குகின்றன. நாலு சிலிண்டர் எஞ்சின் இயல்பாகவே நடுங்கும். அதோடு மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகிற வழியில் உள்ளுக்குள் இறங்கி, ஒரு கிரவல் வீதியில் ஓடினால் அதன் அடியும் சேரும். எல்லாச் சுமையும் வந்து நிற்பது குழாயும், ஹெட்டில் பூட்டும் தகடான பிளேஞ்சும் சேரும் வெல்டிங் ஓரத்தில். அலுமினியத்துக்கு அங்கே இரண்டு பலவீனம். இந்த வேலைக்கு எடுக்கும் 6061-டி6 அலுமினியம் கொம்பனியில் சூடேற்றிப் பலப்படுத்திய உலோகம். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பலம் ஏறக்குறையப் பாதியாக இறங்கிவிடும், திரும்ப ஏற்ற உலை வேண்டும். இரண்டாவது, குறித்த அளவுக்குக் கீழான நடுக்கத்தை இரும்பு எவ்வளவு காலமும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சின்ன நடுக்கம்கூட எண்ணிக்கையில் சேர்ந்துகொண்டே போகும்.

கூட்டாளியின் காரில் நாலாவது குழாயடியில் மயிரிழை போல ஒன்று விட்டது. வெளியே தெரியவில்லை. ஐட்லிங் மட்டும் ஏறி இறங்கியது, த்ரொட்டில்களை என்ன செய்தும் சமப்படுத்த முடியவில்லை. த்ரொட்டில் தட்டுக்குக் கீழே காற்று உள்ளே வந்தால் அந்த ஒரு சிலிண்டருக்குப் பெற்றோல் பற்றாது, மற்ற மூன்றும் சரியாக இருக்கும்; குறை ரியூனிங்கில் என்றுதான் எவரும் நினைப்பார்கள். கழற்றி எடுத்துக்கொண்டு, ட்ரெய்லரும் கலப்பையும் ஒட்டுகிற ஒரு பட்டறைக்குப் போனோம். அந்த அண்ணை கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"தம்பி, இது எங்கட மெசினில பிடிக்காது. ஏசி டிக் இருக்கிற இடமாப் பாருங்கோ."

அவர் சொன்னது சரி. அலுமினியத்தின் மேல் படியும் ஒட்சைட்டுப் படலம் உருக 2000 பாகைக்கு மேல் வேண்டும், உள்ளே இருக்கிற உலோகமோ 660 பாகையிலேயே உருகிவிடும். அந்தப் படலத்தை உடைத்துக்கொண்டு ஒட்ட ஆடலோட்டத்தில் (ஏசி) ஓடும் டிக் வெல்டிங் மெசின் வேண்டும். ஊர்ப் பட்டறைகளில் இப்போது எல்லாரிடமும் இருக்கிற சின்ன இன்வேர்ட்டர்கள் நேரோட்டம்; அவற்றில் டிக் என்று எழுதியிருந்தாலும் இரும்புக்கும் ஸ்ரெயின்லெசுக்கும்தான். போதாக்குறைக்கு, பெற்றோலும் கரியும் ஊறிய அலுமினிய வெடிப்பை எவ்வளவு கழுவினாலும் ஒட்டும்போது குமிழி கிளம்பும். கடைசியில் வவுனியாவுக்குக் கொண்டுபோய்த்தான் வேலை முடிந்தது. நல்லாகத்தான் ஒட்டிக் கொடுத்தார்கள். ஆனால் பிளேஞ்ச் வளைந்துவிட்டது, அதை மட்டமாக்க லேத் பட்டறை வேறு. அவ்வளவு நாளும் கார் கொட்டிலில்.

என்னுடையதில் வெடித்தால் அந்த அண்ணையே ஒட்டுவார். ஆர்க்கில் முடியாவிட்டால் காஸில் பித்தளை ஓட விடுவார். அதுவும் கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ எந்தப் பட்டறையிலும் நடக்கிற வேலை.

பழுதைவிட அடிக்கடி வருவது மாற்றம். முதல் தடவை செய்கிற மனிபோல்ட் யாருக்கும் முடிந்த மனிபோல்டாக இருப்பதில்லை. நாலு த்ரொட்டில் வந்தவுடன் பொதுவான காற்றறை இல்லாமல் போகிறது. பிரேக் மிதியை இலேசாக்கும் பூஸ்டருக்கு வக்கியூம் எங்கே எடுப்பது? ஒரு குழாயில் மட்டும் எடுத்தால் துடித்துத் துடித்து வரும், பிரேக் மிதி கல்லாகும். நாலிலிருந்தும் சின்னக் குழாய் எடுத்து ஒரு சேமிப்புப் பெட்டியில் சேர்த்து, ஒருவழி வால்வ் போட்டுத்தான் பூஸ்டருக்குக் கொடுக்க வேண்டும். ஐட்லிங் காற்றுக்கு வேறு பாதை. இன்ஜெக்டர் வாய் வால்வின் முதுகைப் பார்த்து நிற்காவிட்டால் பெற்றோல் குழாய்ச் சுவரில் அடித்து வடியும். சாய்வைத் திருத்த வேண்டி வரும். இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு துளை, ஒரு நட், ஒரு சொட்டு வெல்டிங். இரும்பில் அது ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரத்து வேலை. அலுமினியத்தில் ஒவ்வொன்றும் ஒரு பயணம்.

இரும்பில் செய்யப் போகிறவர்களுக்கு என் முறை இது. கொம்பனி கஸ்கட்டை அச்சாக வைத்து 10 மில்லிமீற்றர் தகட்டில் பிளேஞ்ச் வெட்டினேன். போர்ட் நீள்வட்டம், த்ரொட்டில் வட்டம். 45 மில்லிமீற்றர் உள்விட்டக் குழாயின் ஒரு முனையை இரண்டு மரக் கட்டைக்கு நடுவில் வைத்து வைஸில் மெதுவாக நெருக்கினால் நீள்வட்டம் வரும். இங்கே ஒரு கணக்குக் கவனம் வேண்டும்: சுற்றளவு மாறாது, பரப்புக் குறையும். 55-க்கு 33 என்று நெருக்கினால் சுற்றளவு அதே 141 மில்லிமீற்றர் அளவில் நிற்கும், பரப்போ 1590 சதுர மில்லிமீற்றரில் இருந்து 1425-க்கு இறங்கிவிடும். பத்து வீதம் போச்சு. ஆகவே குழாயை ஓரளவு பெரிதாக எடுப்பது நல்லது. ஒட்டும்போது பிளேஞ்சை ஒரு கழித்துப்போட்ட ஹெட்டில் இறுக்கிப் பூட்டி, முதலாவது, நாலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டவேண்டும். பிறகும் வளையத்தான் செய்யும். கடைசியில் முகத்தை மட்டமாக்கியே தீரவேண்டும். காற்றுக் கசிவு பார்க்க ரயர் கடைத் தண்ணீர்த் தொட்டியைவிட நல்ல கருவி இல்லை. பிளேஞ்சையும் வாய்களையும் அடைத்துக் கொம்பிரசர் காற்றைக் குறைவாக விட்டு அமுக்கினால், ஊசிமுனை ஓட்டைகூட முத்து முத்தாகக் காட்டிக்கொடுக்கும்.

மனிபோல்டின் நடுவில் இருந்து புளொக்குக்கு ஒரு தாங்கி கட்டாயம், எந்த உலோகமானாலும். த்ரொட்டிலுக்கும் குழாய்க்கும் நடுவில் மோட்டார் சைக்கிளின் றப்பர் வளையங்களையே வைத்துக்கொள்ளுங்கள். பாதி நடுக்கத்தை அது தின்றுவிடும்.

இரும்பின் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் ஒன்று பொய், ஒன்று மெய். ஹெட் அலுமினியம், பிளேஞ்ச் இரும்பு, சூட்டில் வேறு வேறு அளவு விரிந்து கஸ்கட்டைக் கிழித்துவிடும் என்பார்கள். 350 மில்லிமீற்றர் பிளேஞ்ச் 60 பாகை சூடேறினால் இரண்டுக்கும் வித்தியாசம் கால் மில்லிமீற்றருக்கும் குறைவு. நடுவில் இருந்து இரண்டு பக்கமும் பிரிந்தால் அதில் பாதி. போல்ட் துளைகளைச் சற்று அகலமாகத் துளைத்தால் சரி. துரு என்பது மெய். மாரி மழையில் ஒரு மாதம் ஓடாமல் நின்றால் குழாய்க்குள் செம்மண் நிறத்தில் படியும், அந்தப் பொருக்கு சிலிண்டருக்குள் போகும். உள்ளே பெயின்ட் அடிக்கக் கூடாது. உரிந்தால் அதுவும் உள்ளேதான் போகும். நான் பொஸ்பரிக் அமிலத்தில் கழுவி, ஓடாத காலத்தில் எண்ணெய் பூசி வைக்கிறேன். அலுமினியக்காரனுக்கு இந்த வேலை எதுவும் இல்லை.

3டி பிரின்டில் செய்த மனிபோல்டை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. பிரின்ட் பிளாஸ்டிக்கில் பிஎல்ஏ 60 பாகையிலேயே தொய்யத் தொடங்கும், பெட்ஜி 80-இல். ஹெட்டில் தண்ணீரே 90 பாகையில் ஓடுகிறது. கொம்பனிகள் பிளாஸ்டிக் மனிபோல்ட் செய்வது கண்ணாடி நார் கலந்த நைலோனில். அளவும் வளைவும் சரிபார்க்கும் மாதிரிக்கு மலிவான பிரின்ட் அருமையானது. எஞ்சினில் பூட்ட எனக்குத் துணிவு வராது.

தூசியைப் பற்றி ஒரு சொல். படங்களில் வருகிற மாதிரி நாலு குழல்வாயையும் திறந்து விடுவது இங்கே நடக்காத காரியம். சோளகம் தொடங்கினால் கிரவல் புழுதி பொனட்டுக்குள்ளும் படிகிறது. நெல் வெட்டுக் காலத்தில் சப்பியும் பதரும் வேறு. குழலுக்கு ஒன்றாகப் போடும் பஞ்சு உறை சீக்கிரம் அடைத்து, ஒன்றுக்கொன்று வேறுபட்டு, சமப்படுத்தியதெல்லாம் குலைந்துபோகும். நாலையும் மூடும் ஒரு பெட்டி, அதற்கு ஒரு பெரிய வடிகட்டி, அதுதான் வழி. அந்தப் பெட்டியின் பாரமும் மனிபோல்டில்தான் தொங்கும். திரும்பவும் வெல்டிங் ஓரத்துக்கு வந்துவிட்டோம்.

கொம்பியூட்டர் விசயம் எதில் செய்தாலும் ஒன்றுதான். வக்கியூம் அளவு கீழ் ஓட்டத்தில் நம்ப முடியாததாகிவிடும். த்ரொட்டில் திறப்பையும் எஞ்சின் சுற்றையும் வைத்துப் பெற்றோல் கணக்கிட வேண்டும். மெகாஸ்குவேர்ட் என்ற எஞ்சின் கொம்பியூட்டரில் வக்கியூம் அளவையும் த்ரொட்டில் திறப்பையும் கலந்து பார்க்கும் முறை உண்டு. ஐட்லிங்கில் பெற்றோல் கூடினால் வருட வரிப் பத்திரத்துக்கு முன் புகைப் பரிசோதனையில் மாட்டுவீர்கள். அதை ரியூன் பண்ணுகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கொழும்பில் இருந்து, கையெட்டும் தூரத்தில் ஏசி டிக்கும் கொம்பியூட்டரில் வெட்டும் சிஎன்சி மெசினும் உள்ளவர்கள் யோசிக்காமல் அலுமினியத்துக்குப் போகலாம். முல்லைத்தீவுக் கரையோரம், ஆனையிறவு மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு இரும்பைச் சொல்ல எனக்கு மனமில்லை. என் கார் கரையில் இருந்து தள்ளி உள்ளே நிற்பது. உப்பில் என் முறை எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு அனுபவம் போதாது. அங்கே 304 ஸ்ரெயின்லெஸ் குழாய் நல்ல நடுவழி. விலை கூட, வெட்டத் துளைக்கக் கடினம், வெல்டிங்கில் இரும்பைவிடக் கூட வளையும். ஆனால் துரு பெரிதாகப் பிடிக்காது, ஊர்ப் பட்டறையின் நேரோட்ட மெசினிலேயே ஒட்டலாம். அதற்கான 308எல் வெல்டிங் கம்பியை மட்டும் கையோடு வாங்கிக்கொண்டு போங்கள்.