பழைய நிலக்காட்சிப் படங்களுக்கு மறுதிருத்தம்: லைட்ரூம் கிளாசிக்கா, டார்க்டேபிளா?

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எடுத்து, அன்றே ‘எடுபடவில்லை’ என்று ஒதுக்கிய நிலக்காட்சிப் படங்கள் பலரின் வன்தட்டுகளில் கிடக்கின்றன. அவற்றுள் ரா கோப்பாக, அதாவது கேமராவின் உணரி பதிந்த தரவைச் சுருக்கிப் படமாக்காமல், சேமித்தவை இன்றும் தாராளமாக இடம்கொடுக்கும். 8 பிட் ஜேபெக் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளையே தாங்கும். 12 பிட் ரா கோப்பில் 4,096, 14 பிட்டில் 16,384 படிநிலைகள் உண்டு. கேமரா பதிந்தது அப்படியே இருக்கிறது. அதைப் படித்துப் படமாக்கும் மென்பொருள்தான் வளர்ந்திருக்கிறது. விடியற்கால மலைகள், ஏரிக்கரை, காட்டோரம் என்று நான் முன்பு கைவிட்ட படங்களையே சந்தா கட்டிப் பயன்படுத்தும் படத்திருத்த மென்பொருளாகிய லைட்ரூம் கிளாசிக்கிலும், இலவசமான திறமூல மென்பொருளாகிய டார்க்டேபிளிலும் திறந்து பார்த்ததில், இரண்டின் வேறுபாடு வானம், மூட்டம், நிழல் இரைச்சல் (இருண்ட பகுதிகளில் தோன்றும் புள்ளிகள்) ஆகிய மூன்று இடங்களில்தான் தெளிவாகத் தெரிந்தது.

எதில் திறந்தாலும் பழைய திருத்தத்தின் மேலேயே தொடர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2012இல் வந்த லைட்ரூம் 4, வெளிச்சப் பகுதிகளையும் நிழல்களையும் கையாளும் முறையையே மாற்றியது. அதற்கு முன் செய்த திருத்தங்கள் பழைய செயல்முறைப் பதிப்பிலேயே (படத்தைக் கணக்கிடும் அன்றைய விதிகளிலேயே) நிற்பதால், நிழலை உயர்த்தினால் சாம்பல் பூக்கும் அக்காலத்துத் தோற்றமும் கூடவே தங்கிவிடுகிறது. டார்க்டேபிளும் பழைய திருத்தங்கள் குலையாமலிருக்க அவற்றுக்குரிய பழைய மாட்யூல்களை (திருத்தக் கருவிகளை) விட்டுவைக்கிறது. ஆகவே ஒரு நகல் பதிப்பை உருவாக்கி, எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி, அன்றைய திருத்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குவதே நல்லது. இது டிஜிட்டல் காலத்துக்கு மட்டும் உரிய பழக்கமன்று. அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் அன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற ஊரின் மேல் நிலவெழும் காட்சியை ஒரே நெகட்டிவில் பதிந்து, பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார்; முற்கால அச்சுகளில் மேகக்கீற்றுகளோடு தெரியும் வானம், பிற்கால அச்சுகளில் ஏறத்தாழ முழுக் கருமையாகிவிட்டது.

பழைய நிலக்காட்சிப் படங்கள் பெரும்பாலும் வானத்தில்தான் தோற்றிருக்கும். தரைக்கு அளவாக ஒளி பதிந்தால் வானம் வெளுக்கும். வானத்தைக் காத்தால் தரை இருளும். லைட்ரூமில் 2021 அக்டோபர் முதல் வானத்தைத் தானே கண்டறிந்து மாஸ்க் போடும் (அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்கும்) வசதி இருக்கிறது. தெளிவான மலைமுகடு கொண்ட படத்தில் சில நொடிகளில் வேலை முடிந்துவிடுவதால், நூற்றுக்கணக்கான படங்களைச் சலித்துப் பார்ப்பவருக்கு இது பெரிய உதவி. ஆனால் மரக்கிளைகளின் இடுக்கில் துண்டு துண்டாகத் தெரியும் வானத்தை அது சில இடங்களில் தவறவிடுவதால், வானத்தை இருட்டாக்கும்போது இலைகளைச் சுற்றி வெளிறிய விளிம்பு தங்குகிறது. டார்க்டேபிளின் அளவுரு மாஸ்க் வானம் எது, மரம் எது என்று பார்ப்பதில்லை. நிறத்தையும் ஒளியளவையும் கொண்டு பிக்சல்களைப் பிரிக்கிறது. அதனால் இலையிடுக்கு நீலமும் ஒன்றுவிடாமல் பிடிபடுகிறது. அதே காரணத்தால் ஏரி நீரில் விழுந்த வானத்தின் நிறமும் சேர்ந்துவிடும் என்பதால், அதனோடு கையால் வரைந்த சாய்வு மாஸ்க்கை இணைத்து, தேர்வை அடிவானத்துக்கு மேலே நிறுத்த வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆயினும் காட்டோரப் படங்களில் எனக்கு நிறைவளித்தது இதுவே.

சூரியன் சட்டகத்துக்குள் இருக்கும் படங்களிலும் டார்க்டேபிளின் பக்கமே சாய்கிறேன். 2018 இறுதியில் வந்த ஃபில்மிக், 2022 இறுதியில் வந்த சிக்மாய்டு ஆகிய மாட்யூல்கள், காட்சியின் ஒளியளவுகளைக் கடைசிவரை காத்து, இறுதியில்தான் திரையின் எல்லைக்குள் சுருக்குகின்றன. அதனால் கதிரைச் சுற்றிய செம்மஞ்சள், திடீரென்று ஒரு வளையமாக முறியாமல், படிப்படியாக வெண்மையில் கரைகிறது. மூன்று வண்ணங்களும் எல்லை கடந்து வெளுத்துவிட்ட இடத்தில் உண்மையான விவரத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூட்டத்தைப் பொறுத்தவரை இரண்டிலும் அதை நீக்கும் கருவி உண்டு. இரண்டுமே அளவு மீறினால் தொலைதூர மலையின் இயல்பான நீலத்தை அழுக்காக்கி, படத்தின் ஆழத்தைப் பறித்துவிடும். பாதிக்கு மேல் நகர்த்துவதை நான் நிறுத்திவிட்டேன்.

நிழல் இரைச்சலில் லைட்ரூம் முந்துகிறது. 2023 ஏப்ரலில் சேர்ந்த செயற்கை நுண்ணறிவு இரைச்சல் நீக்கம், பழைய கேமராக்களின் இருண்ட பகுதிகளை உயர்த்தும்போது தோன்றும் நிறப்புள்ளிகளை வியக்கத்தக்க விதத்தில் துடைக்கிறது. அது தரும் இயல்பான அளவாகிய 50, நிலக்காட்சிக்குப் பல வேளைகளில் அதிகம். தொலைவிலுள்ள இலைத்திரள் மெழுகு பூசியதுபோல் ஆகிறதா என்று நூறு விழுக்காட்டுப் பெரிதாக்கத்தில் பார்த்துக் குறைத்துக்கொள்ள வேண்டும். டார்க்டேபிள் ஒவ்வொரு கேமராவுக்கும் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) அளவுக்கும் முன்பே அளந்து வைத்த இரைச்சல் விவரங்களைக் கொண்டு சுத்தம் செய்கிறது. இல்லாத இழையமைப்பை இது கற்பிப்பதில்லை என்பது நன்மை. ஆனால் இரைச்சல் மிகுந்த படத்தில் விவரமும் சேர்ந்து மங்குகிறது.

சந்தா நின்ற பிறகு லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். திருத்தும் பகுதியும் வரைபடப் பகுதியும் பூட்டப்படும். இன்னும் பத்தாண்டு கழித்து இதே படங்களை மறுபடி திறக்க நினைப்பவர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். என் வழக்கம், தொகுப்பு முழுவதையும் லைட்ரூமில் விரைவாகச் சலித்து, தேறும் சிலவற்றை மட்டும் டார்க்டேபிளில் பொறுமையாகச் செய்வது. ஒரே கருவிதான் வேண்டுமென்றால், இரைச்சல் மிகுந்த பழைய கேமரா வைத்திருந்தவருக்கு முதலாவதையும், ஒரு படத்தோடு ஒரு மாலை உட்காரத் தயங்காதவருக்கு இரண்டாவதையும் சொல்வேன்.

ஜேபெக் மட்டுமே எஞ்சியிருந்தால் இந்த ஒப்பீட்டுக்குப் பெரிய பொருளில்லை. தரம் இழக்காமல் சேமிக்கும் 16 பிட் டிஃப் கோப்பாக மாற்றிக்கொள்வது இழந்ததைத் திருப்பித் தராது. மீண்டும் மீண்டும் சேமிக்கும்போது நேரும் புதிய இழப்பை மட்டும் தடுக்கும். வானத்தின் ஒளியை அதிகம் மாற்றினால் நிறம் சீராக மாறாமல் பட்டை பட்டையாகத் தெரியும். அத்தகைய படங்களை மென்மையான மாற்றங்களோடு கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள்; வெளுத்த வானம் அங்கே பனியாகவே நிற்கும்.