கொழும்பில் பாவித்த கார்: குறைந்த பட்ஜெட்டுக்கு இப்போதும் கொரோலா 121 தான்

ஐந்து பேர் நெருக்கமில்லாமல் உட்கார வேண்டும், ஏசி குளிர வேண்டும், மாதம் ஒரு தடவை கராஜில் நிற்கக் கூடாது, விலையும் கைக்கு அடங்க வேண்டும். இந்த நான்கையும் ஒன்றாகக் கேட்பவர்கள் கொழும்பில் முதலில் தேட வேண்டியது டொயோட்டா கொரோலா 121. ஜப்பானில் 2000 ஆகஸ்ட்டில் வந்த மொடல்; 2004 இல் முகம் மாறியது. எப்படிப் பார்த்தாலும் பழைய கார்தான். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறக்கப்பட்டது. திறந்த பிறகும் வரி சேர்ந்த விலை சம்பளக்காரருக்கு எட்டவில்லை. ஆகவே பழைய காரில் நல்லதைப் பொறுக்கி எடுக்கத் தெரிவதே இப்போது பணத்தைக் காக்கும். வருடத்தையும் மீற்றரையும் பார்த்து விலை பேசுவதுதான் இங்கே வழக்கம். அவை இரண்டும் காரைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. அடிப்பாகம், ஏசி, கியர்ப் பெட்டி ஆகிய மூன்றும் எப்படி இருக்கின்றன என்பதற்கே காசு கொடுக்க வேண்டும்.

121 இல் பெரும்பாலும் இருப்பது 1497 சிசி 1என்இசட்-எஃப்இ எஞ்சின். டைமிங் பெல்ற் கிடையாது, செயின். இதே எஞ்சினை அலியன், பிரீமியோ, அக்ஸியோ என்று பல கார்களில் டொயோட்டா போட்டதால் இதன் உட்புறம் தெரியாத மெக்கானிக் கொழும்பில் இல்லை. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் பாகங்களும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும். ஓட்டோ கார்களில் நான்கு வேகப் பழைய வகைக் கியர்ப் பெட்டி. படிப்படியாக மாறாமல் பெல்ற்றால் ஓடும் சிவிடி பெட்டி அளவுக்கு மென்மையாக இழுக்காது. ஆனால் பழுதானால் கழற்றித் திருத்த ஆள் உண்டு.

சொகுசு என்ற கணக்கில் இந்தக் காரைப் பலர் குறைத்து மதிக்கிறார்கள். உயரம் 1470 மில்லிமீற்றர். சீற் உயரமாக இருப்பதால் முழங்கால் வலியுள்ள அம்மாவும் கதவைத் திறந்தவுடன் குனியாமல் உட்காரலாம். அகலம் 1695 மில்லிமீற்றர். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இரண்டு பக்கமும் வாகனம் நிறுத்தியிருந்தாலும் நுழைந்து வரலாம். சஸ்பென்ஷன் மென்மையானது, காலி வீதியின் மான்ஹோல் மூடிகளையும் ஒட்டுப்போட்ட தாரையும் நன்றாக விழுங்கும். குறை என்றால் சத்தம். அதிவேகப் பாதையில் 100 இல் போகும்போது காற்றும் டயரும் கேட்கும். பெற்றோலும் ஒரு குறைதான்: கொழும்பு நெரிசலில் ஏசியோடு லீற்றருக்கு 9 கிலோமீற்றரளவு, நீண்ட பயணத்தில் 13, 14 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நகருக்குள் 14 ஓடுகிறது என்று விற்பவர் சொன்னால், அவர் சொல்லும் மற்றவற்றையும் சந்தேகியுங்கள்.

இனிப் பார்க்கும் முறை. எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்திலேயே போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். போனதும் பொனற்றில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள், இன்னொரு நாள் வாருங்கள். டிப்ஸ்டிக்கில் ஒயில் அளவையும், மூடியைக் கழற்றி உள்ளே கரிச்சேறு உண்டா என்பதையும் பாருங்கள். ஸ்டார்ட் பண்ணியதும் ஓரிரு விநாடி கரகரப்பு கேட்டால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கலாம். அந்த நேரத்தில் மட்டும் நீலப்புகை ஒரு தரம் வந்து நின்றால் வால்வு சீல். காரோடு வாழலாம், விலையில் குறைக்கலாம். தெஹிவளை மேம்பாலத்தில் ஏறும்போது அழுத்த அழுத்தப் பின்னால் நீலப்புகை தொடர்ந்து வந்தால் பிஸ்டன் றிங் போயிருக்கிறது, அந்தக் காரை விடுங்கள். சந்தேகம் இருந்தால் பிளக்குகளைக் கழற்றிக் கொம்பிரஷன், அதாவது சிலிண்டர் அழுத்தம், பாருங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையில் 15 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

ஐட்லிங் ஏறி இறங்குவதும், ஏசி போட்டவுடன் எஞ்சின் அணைவதும் இந்தக் காரின் வழமையான முறைப்பாடு. அநேகமாக எஞ்சினுக்குக் காற்று விடும் திரொட்டில் பொடியில் படிந்த கரிதான் காரணம், கழுவினால் சரியாகும். இதைக் காட்டி எஞ்சின் மோசம் என்று பயமுறுத்தும் தரகரும் உண்டு, இதையே பெரிய வேலையாக்கும் கராஜும் உண்டு. டி கியரில் பிறேக்கை அழுத்தி நிற்கும்போது டாஷ்போட் நடுங்கினால் எஞ்சினைத் தாங்கும் இறப்பர் மவுன்ற் போயிருக்கிறது. குறிப்பாக வலது பக்கத்து மவுன்ற் முதலில் போகும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் நகரத்தில் இந்த நடுக்கம் ஒன்றே பயணத்தைக் கெடுத்துவிடும், எனவே புதிய மவுன்ற்றின் விலையை முதலிலேயே கழித்துப் பேசுங்கள்.

கியரை நியூட்ரலிலிருந்து டிக்கும் பிறகு ரிவர்ஸுக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு விநாடிக்குள், உதைக்காமல் பிடிக்க வேண்டும். ஓடும்போது எஞ்சின் சுழற்சி ஏறி வேகம் ஏறாவிட்டால் உள்ளே கிளட்ச் தட்டு வழுக்குகிறது. ஓவர்டிரைவ் விளக்கு தானாக மின்னினால் கொம்பியூற்றர் பழுதைப் பதிந்து வைத்திருக்கிறது என்று பொருள். ஸ்கேனர் போடாமல் பணம் கொடுக்காதீர்கள். கியர் ஒயில் டைப் டி-4. சிவப்பாக, கருகல் மணம் இல்லாமல் இருக்க வேண்டும். நெடுநாள் மாற்றாத பெட்டியில் மெஷின் வைத்து முழுவதையும் ஒரேயடியாகக் கழுவுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கீழே திறந்து வடித்தால் மூன்று லீற்றரளவு வரும். அதை மட்டும் மாற்றி, 2000 கிலோமீற்றர் ஓடி, திரும்பவும் ஒரு தடவை மாற்றுங்கள்.

சஸ்பென்ஷனைக் காதால்தான் பிடிக்க வேண்டும். ரேடியோவை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, ஒழுங்கைக்குள் மெதுவாக ஓட்டுங்கள். சிறு சிறு மேடுகளில் டொக் டொக் என்றால் ஸ்டெபிலைசர் லிங்க், செலவு குறைவு. பிறேக் பிடிக்கும்போது அடியில் ஒரு இடி கேட்டால் முன் லோவர் ஆம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுபடுவது போன்ற சத்தம் வந்தால் முன் ஷொக்கின் மேல் மவுன்ற். ஸ்டியரிங் தண்டிலிருந்தே கையில் தட்டுவது தெரிந்தால் இடையிலுள்ள இணைப்புத் தண்டு தேய்ந்திருக்கிறது. இவை எல்லாம் திருத்தக்கூடியவை. எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் பில் கனக்கும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம்: பஞ்சிகாவத்தையில் லைற், கண்ணாடி, கதவு, கைபிடி போன்றவற்றைப் பாவித்ததாக வாங்குவது புத்திசாலித்தனம். புஷ், மவுன்ற், ஷொக் போன்ற இறப்பர் சார்ந்தவற்றைப் பாவித்ததாக வாங்காதீர்கள். ஜப்பானில் கழற்றிய இறப்பருக்கும் உங்கள் காருக்கும் ஒரே வயது. கேவைபி, 555 போன்ற ஜப்பான் கம்பனிப் பொருளைப் புதிதாக, நம்பிக்கையான கடையில் வாங்குங்கள்; பெட்டியை மட்டும் பார்த்து ஏமாறவும் வேண்டாம், போலிகள் தாராளம்.

ஏசியை மத்தியானத்தில் சோதிக்க வேண்டும். சமையலறைத் தேர்மோமீற்றர் ஒன்றை நடுக் காற்றுவாயில் செருகி, உள்காற்றுச் சுழற்சியில், நின்ற நிலையில் பத்து நிமிடம் விடுங்கள். 10 பாகை செல்சியஸை அண்டி வந்தால் நல்லது. ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது சூடானால் பெரும்பாலும் கொண்டென்சர் விசிறி அல்லது அழுக்கு. ஒரு மணி நேரத்துக்குள் காற்றே குறைந்து வந்தால் உள்ளே கூலிங் கொயிலில் ஐஸ் பிடிக்கிறது. "காஸ் மட்டும் அடித்தால் சரி" என்றால் அந்த காஸ் எங்கே போனது என்று கேளுங்கள். கசிவு டாஷ்போட்டுக்குள் இருக்கும் கொயிலில் என்றால் டாஷ்போட் முழுவதும் கழற்ற வேண்டிவரும். அரைகுறையாகத் திரும்பப் பூட்டினால் அதன் பிறகு காலம் முழுவதும் கிறீச்சிடும். குளோவ் பொக்ஸுக்குப் பின்னாலுள்ள ஏசி பில்ரரைக் கழற்றிப் பார்த்தாலே உரிமையாளர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

எஞ்சினுக்கு மருந்துண்டு, துருவுக்கு இல்லை. பம்பலப்பிட்டியிலிருந்து கல்கிசை வரை கடலோரத்தில் வெளியே நிறுத்தப்பட்ட கார்களை உப்புக்காற்று தின்றிருக்கும். சேவிஸ் ஸ்டேஷனில் ஹொயிஸ்ற்றில் ஏற்றச் சொல்லுங்கள். பின்சக்கர வளைவு, கதவுகளுக்குக் கீழுள்ள விளிம்பு, ஸ்பெயார் டயர்க் குழி, பின்னால் போகும் பிறேக் குழாய்கள் ஆகியவற்றைப் பாருங்கள். அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு பூசியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அதற்குள் என்ன இருக்கிறது என்று சுரண்டிப் பாருங்கள். சிறு காந்தம் ஒன்று பையில் இருக்கட்டும்; ஒட்டாத இடத்தில் பள்ளம் நிரப்பும் பட்டி தடிப்பாகப் பூசப்பட்டிருக்கும்.

வெள்ளத்தில் நின்ற கார் இதைவிட மோசம். 2016 மே மாதமும் 2025 நவம்பரிலும் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெலைப் பக்கம் எத்தனையோ வாகனம் தண்ணீருக்குள் நின்றது. சீற் பெல்ற்றைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்முனையில் சேற்றுக்கோடு இருந்தால் கதை முடிந்தது. சீற் தண்டவாளத்தின் துரு, விரிப்புக்கு அடியிலுள்ள ஈரமணம், பியூஸ் பெட்டியில் பச்சை பிடித்த முனைகள், ஹெட்லைற்றுக்குள் தண்ணீர்க் கோடு இவையும் அடையாளம். அப்படிப்பட்ட காரின் வயரிங் ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகக் கைவிடும். பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.

இதே பட்ஜெட்டில் போட்டிக்கு நிற்பவை சில. வேகன் ஆர் பெற்றோலுக்குச் சிக்கனம், ஏறி இறங்க மிகச் சுலபம், வாகனம் நிறுத்தவும் இடம் தேட வேண்டியதில்லை. கணவன், மனைவி, ஒரு பிள்ளை என்றால் தாராளமாக எடுக்கலாம். ஆனால் ஜப்பானிய வேகன் ஆர் 660 சிசி, நான்கு இருக்கைகள் மட்டுமே; ஐந்து பேர் குடும்பத்துக்கு அது சரிவராது. 2014 இல் வந்த ஹைபிரிட் மொடலில் முன்சீற்றுக்கு அடியில் சிறு லித்தியம் பற்றரி இருக்கிறது, அதையும் ஸ்கேன் பண்ணுங்கள். விற்ஸ் ஒரு லீற்றர் நல்ல கார்; ஒடுங்கிய பின்சீற் உண்டு, மூன்று சிலிண்டர் எஞ்சின் உள்ளதில் நடுக்கமும் உண்டு. அக்குவா சொகுசும் சிக்கனமும் தரும், ஆனால் வயதான ஹைபிரிட் பற்றரி குறைந்த பட்ஜெட்காரரின் தோளில் விழக்கூடிய பெரிய சுமை. பின்சீற் பக்கத்திலுள்ள பற்றரி விசிறியின் வலையில் தூசு அடைத்திருந்தால் பற்றரி சூட்டிலேயே கிடந்திருக்கிறது. நிசான் சனி என்16 விலை இறங்கிக் கிடைக்கும். செயின் நீளுவதும் கேம் சென்சர் பழுதும் அதன் பழைய வியாதிகள். அலியன் 240 கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்: அதே எஞ்சின், சாய்க்கக்கூடிய பின்சீற், இன்னும் அமைதி. விலைதான் இடம் தராது. கொரோலாவின் அடுத்த தலைமுறையான அக்ஸியோ 141 சிவிடி. சிவிடிக்குத் தனி ஒயில் வேண்டும்; அதற்குப் பழைய பெட்டியின் டி-4 ஒயிலை ஊற்றிய புண்ணியவான்கள் இருக்கிறார்கள், சேவிஸ் பில்லைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கை முதல் மாத வேலைகளுக்கென்று ஒதுக்கி வையுங்கள். 5டபிள்யூ-30 எஞ்சின் ஒயில், பில்ரரோடு 3.7 லீற்றர். நெரிசல் ஓட்டத்துக்கு 5000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். அதோடு கூலன்ற், பிறேக் ஒயில், நான்கு பிளக், ஓல்ட்டர்னேற்றர் பெல்ற். ரெடியேற்றரில் குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடியிருந்தால் தண்ணீர்ப் பம்பையும் பாருங்கள். ஓரத்தில் இளஞ்சிவப்புக் கறை கசிவின் அடையாளம். டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கத்தில் முதலிரண்டு வாரம், பின்னிரண்டு வருடம். 2319 என்றால் 2019 இன் 23 ஆவது வாரம்; அந்த டயர் எவ்வளவு பூவோடு இருந்தாலும் மழைக்கு உதவாது.

கடைசியாகப் பத்திரம். பதிவுச் சான்றிதழிலுள்ள செசி, எஞ்சின் இலக்கங்களைக் காரோடு உங்கள் கண்ணாலேயே ஒப்பிடுங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனி பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் கையில் வராமல் முழுப் பணமும் கொடுக்காதீர்கள். வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடம் நிலுவை, புகைச் சான்றிதழ் எப்போது எடுத்தது என்றும் பாருங்கள். ஓப்பன் பேப்பரில், அதாவது பழைய உரிமையாளர் கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு, கைமாறி வரும் கார்கள் கொழும்பில் நிறைய. நடுவில் ஒருவர் காணாமல் போனாலோ இறந்தாலோ பெயர் மாற்றுவது பெரும் அலைச்சல். சான்றிதழில் பெயருள்ளவர் நேரில் வந்து, அடையாள அட்டையோடு உங்கள் முன்னால் கையெழுத்திட்டால் மட்டும் வாங்குங்கள். வாங்கிய கையோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை மாற்றிவிடுங்கள், காப்புறுதியையும் அன்றே உங்கள் பெயருக்கு எழுதுங்கள்.