மெல்லிய ஆணுறையா, சாதா ஆணுறையும் ஜெல்லுமா?

'உறை போட்டால் உணர்ச்சியே இல்லை' என்று அலுத்துக்கொள்பவர்கள் மதுரை மருந்துக்கடைகளில் முதலில் தேடுவது மெல்லிய ரகத்தைத்தான். அதில் தவறில்லை. உடல் சூடு நன்றாகத் தெரியும், உறை இருக்கிற நினைப்பும் குறையும். சரியாக அணிந்தால் பாதுகாப்பு குறையாது. விலைதான் கொஞ்சம் கூட.

ஆனால் பலருக்கு உண்மையான தொந்தரவு தடிமன் இல்லை, வறட்சி. உராய்வு எரிச்சலாகி, துணைக்கு வலிக்கத் தொடங்கிவிட்டால் எவ்வளவு மெல்லிய உறையாலும் பயனில்லை. அதனால் என் ஓட்டு இரண்டாவதுக்கு: சாதா உறை, கூடவே தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட (water-based) வழுவழுப்பு ஜெல். அணியும் முன் உறையின் நுனிக்குள் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். அதிகமானால் உறை நழுவும். அணிந்த பிறகு வெளிப்புறம் தாராளமாகத் தடவலாம், காய்ந்தால் மறுபடியும். இருவருக்கும் சுகம், உறை கிழிகிற வாய்ப்பும் குறைவு. ஒருவருக்கொருவர் தடவிவிடுவதையே கொஞ்சலின் பகுதியாக்கிக்கொள்ளுங்கள், அவசரமே வேண்டாம்.

வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கிறதே என்று கை நீளும். கூடவே கூடாது. லேடெக்ஸ் (ரப்பர்) உறையை எண்ணெய் சில நிமிடங்களிலேயே பலவீனமாக்கிவிடும். அப்புறம், சித்திரை வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டிக்குள் உறையைப் போட்டு வைக்காதீர்கள். எந்த ரகமானாலும் சூட்டில் கெடும்.

செலவு இடித்தால், அரசு இராசாசி மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) உறை இலவசமாகவே கேட்டு வாங்கலாம். ஜெல்லை மட்டும் கடையில் வாங்கினால் போதும்.