கையால் எழுதிய கல்யாண கார்டுக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன்

தலவாக்கலை, ஹட்டன், நுவரெலியாப் பக்கம் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். 'ஜோடிக்கு ஏற்றமாதிரி கையாலேயே எழுதித் தருகிறோம்' என்று படம் போட்டு ஆர்டர் எடுக்கும் ஓர் ஆளிடம் எங்கள் வீட்டுப் பணம் போயிருக்கிறது. பெயரைப் போடவில்லை. போட்டாலும் பயனில்லை, பேஜின் பெயரை அவர் ஏற்கெனவே மாற்றிவிட்டார். வேலை எப்படி நடந்தது என்று சொல்கிறேன். அது தெரிந்தால் எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

தங்கச்சி சைவம், மாப்பிள்ளை பதுளை, வேதக்காரர். கார்டின் தலையில் பிள்ளையாரா, சிலுவையா என்று இரண்டு வீட்டிலும் பேச்சு ஓடியது. டவுனில் ஆல்பத்தைப் புரட்டினால் எல்லாவற்றிலும் ஏதோவொரு படம் இருக்கத்தான் செய்கிறது. கடைசியில் அவர்கள் இருவருமே சொல்லிவிட்டார்கள்: படமே வேண்டாம், இரண்டு பேருடைய பெயரையும் அழகாக எழுதினால் அதுவே அலங்காரம். அதனால்தான் கையெழுத்து வேலையைத் தேடிப் போனோம். வெறும் ஆடம்பரம் என்று சிலர் நினைக்கலாம். எங்கள் வீட்டுச் சண்டையைத் தீர்த்தது அதுதான்.

அப்பாவுக்கும் ஓர் ஆசை இருந்தது. தோட்டத்துக் கோவிலுக்கும் காமன் கூத்துக்கும் போர்டு எழுதியவர் அவர். இப்போது கை நடுங்குவதால் தூரிகை பிடிப்பதில்லை. 'லை', 'ளை' எல்லாவற்றையும் பழைய மாதிரி, தும்பிக்கை தூக்கிய கொம்போடுதான் எழுதுவார். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டபிறகு அச்சில் மெல்ல மறைந்துபோன வடிவம் அது. இன்றைக்குக் கம்ப்யூட்டரில் இருக்கும் பெரும்பாலான எழுத்துருக்களில் கிடையாது. தலவாக்கலை, பதுளை என்ற இரண்டு ஊர்ப்பெயரையாவது அப்படி எழுதச் சொல் என்றார். கையால் எழுதுகிறவருக்கு இது ஒரு வேலையே இல்லை.

"கண்டிப்பா அக்கா, அதெல்லாம் எழுதிரலாம்" என்றார் அந்தத் தம்பி. பேச்சு அப்படி இனிப்பாக இருந்தது. ஒரு படிவம் அனுப்பினார்: இருவரும் எங்கே சந்தித்தார்கள், என்ன நிறம் பிடிக்கும், இரண்டு குடும்பத்து வழக்கமும் என்ன. தங்கச்சி உட்கார்ந்து பக்கம் பக்கமாக நிரப்பினாள். இரண்டு பேரும் பழகியது பதுளை ரயிலில் என்று எழுதியிருந்தாள். உடனே அவர், கடைசி எழுத்தின் வாலை இழுத்து ரயில் பாதையாக்கி ஒரு சுரங்கத்துக்குள் கொண்டுபோய் முடிப்பேன், இது உங்களுக்கு மட்டுமான டிசைன், வேறு யாருக்கும் போடமாட்டேன் என்றார். எழுத்து வேலைக்கு மட்டும் 20,000 ரூபாய். கார்ட் ஒன்றுக்கு 240, அது தனி. பாதியை அட்வான்ஸாக வங்கியில் போட்டோம்.

பென்சில் ஸ்கெட்ச் காட்டுங்கள் என்று கேட்டேன். நிஜமாகக் கையால் எழுதுகிறவர்கள் பெயரை இரண்டு மூன்று விதமாகப் பென்சிலில் அடுக்கிப் பார்த்து, பிடித்ததை மையில் எழுதி, அதை ஸ்கேன் செய்து சுத்தம் பண்ணித்தான் அச்சுக்குக் கொடுப்பார்கள். தமிழில் இது இன்னும் கஷ்டம். மேலே 'கி' சுழிக்கும், கீழே 'கு' இறங்கும், இரண்டு வரி ஒன்றோடொன்று மோதும். ஆகவே ஆங்கிலப் பெயரை அழகாக எழுதிய படம் எத்தனை காட்டினாலும் அது தமிழ் எழுதத் தெரியும் என்பதற்குச் சாட்சி ஆகாது. (அவர் பேஜில் இருந்தவை பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்கள்தான்.) ஸ்கெட்ச் கேட்டதற்கு, "வெளியே விட்டா திருடிருவாங்க அக்கா" என்று பதில் வந்தது. எங்கள் பெயரை எங்களுக்கே காட்டினால் யார் திருடுவது?

ஆடி பாதியில் புரூஃப் வந்தது. நேரம் போடும் வரியில், தமிழுக்கு நடுவே 'பிற்பகல்' இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் கிடந்தன. பாமினியில் டைப் அடித்த யாருக்கும் இது தெரிந்த கதை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கும் எழுத்துரு அது. ஒரு சொல்லுக்கு எழுத்துரு மாறிப்போனால் உள்ளே இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். பேனா பிடித்து எழுதுகிறவருக்கு இந்தப் பிழை வரவே வராது. கேட்டேன். நேரம், மண்டபம் மாதிரிச் சின்ன எழுத்தெல்லாம் டைப்தான், தலைப்பும் பெயரும் மட்டுமே கைவேலை என்றார். அது நியாயம்தான், நல்ல கைகாரர்களும் அப்படிச் செய்வதுண்டு. ஊர்ப்பெயரில் அப்பா கேட்ட கொம்பு இல்லையே என்றேன். "பைனல்ல மாத்திருவேன்."

மிச்சப் பணம் முழுவதும் கணக்குக்கு வந்தபிறகுதான் பார்சலை பஸ்ஸில் ஏற்றினார். பெட்டியைத் திறந்ததும் அப்பா தேடியது அந்த 'லை'யைத்தான். இல்லை. சாதாரண 'லை', அதுவும் கட்டம் கட்டமாக ஒரே அளவில். அப்புறம் அப்பாவே தலைப்பைக் காட்டினார். 'அழைப்பிதழ்' என்ற சொல்லில் 'ழ' இரண்டு தடவை வருகிறது. ஒன்றின்மேல் டிரேசிங் பேப்பரை வைத்துப் பென்சிலால் ஓட்டி, அப்படியே நகர்த்தி மற்றதன்மேல் வைத்தார். சுழி, வளைவு, காலின் தடிப்பு, ஓரத்தில் இருந்த ஒரு சின்ன பிசிறுகூட அச்சு அசலாகப் பொருந்தியது. எவ்வளவு பழகிய கையும் இரண்டாவது 'ழ'வைக் கொஞ்சமாவது மாற்றித்தான் போடும். பிசிறு உட்பட ஒத்துப்போனால் அது எழுத்துரு, இல்லாவிட்டால் ஒட்டுவேலை. நீங்களும் செய்து பார்க்கலாம். புரூஃப் வந்தவுடனேயே போனில் பெரிதாக்கி, திரும்ப வரும் எழுத்துகளை ஒப்பிட்டால் போதும், பெட்டி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆவணி பிறந்தது. அம்மா வழக்கம்போல மஞ்சளைக் குழைத்து கார்டின் நான்கு மூலையிலும் தொட்டு வைத்தார். தொட்ட இடமெல்லாம் மை கரைந்து ஓடியது. மேல் மூலையில் இருந்த பெயரின் முதல் எழுத்து மஞ்சளோடு கலந்து பச்சையாகப் பரவி நின்றது. வெளியே மழை வேறு. ஈரக்கையால் எடுத்த கார்டில் விரல் அடையாளம் விழுந்தது. டவுனில் பிரஸ் வைத்திருக்கும் ஐயாவிடம் கொண்டுபோனேன். விரலை நாக்கில் தொட்டு ஒரு ஓரத்தில் தேய்த்துவிட்டு, "இது இன்க்ஜெட்மா, வீட்டு பிரிண்டர்ல எடுத்திருக்கான்" என்றார். லேசர் பிரிண்டில் டோனர் பொடி சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் பட்டாலும் கரையாது. ஆஃப்செட் மையும் காய்ந்துவிட்டால் ஓடாது. மஞ்சள் வைக்காத தமிழ்க் கல்யாணம் எத்தனை? அதற்குக்கூடத் தாங்காத கார்டுக்கு 240 ரூபாய் வாங்கியிருக்கிறார். அவசரத்துக்கு அந்த ஐயாவே சாதா கார்ட் அடித்துத் தந்தார். படம் கிடையாது, கைவேலையும் கிடையாது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

இவ்வளவோடு போயிருந்தால் விட்டிருப்பேன். கல்யாணம் முடிந்த கையோடு, என்னோடு வேலை செய்யும் ஒருவர் கொட்டகலை உறவினர் வீட்டுக் கார்டைக் கொண்டுவந்து காட்டினார். அதே தலைப்பு, அதே 'ழ', அதே பிசிறு. கடைசி எழுத்தின் வால் ரயில் பாதையாகி அதே சுரங்கத்துக்குள் போகிறது. அந்த ஜோடி ரயிலில் பழகியவர்களும் இல்லை, வீட்டார் பேசி முடித்த கல்யாணம். தங்கச்சி தன் கதையை எழுதிக் கொடுத்த படிவம் எதற்குப் பயன்பட்டது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அவளுக்குப் பணம் போனதைவிட இதுதான் கோபம்.

போன் செய்தேன். முதலில் பிரஸ்காரர்மேல் பழி, அடுத்து பேப்பர் ஈரம் பிடித்துவிட்டது என்றார், அதற்கப்புறம் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். பற்றுச்சீட்டு தரவில்லை. ஆனால் வங்கிச் சீட்டும் 'உங்களுக்கு மட்டும்' என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜும் கையில் இருக்கின்றன. வொய்ஸில் மட்டும் பேசி முடித்திருந்தால் அதுவும் இருந்திருக்காது. கொட்டகலை வீட்டாரும் நாங்களும் சேர்ந்து பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கிறோம். அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1977.

அந்த ஆள் இப்போது தை மாதக் கல்யாணங்களுக்கு ஆர்டர் எடுத்துக்கொண்டிருக்கிறார். ரயில் பாதையும் சுரங்கமும் உள்ள கார்ட் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் படம் எடுத்து எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள், முறைப்பாட்டோடு சேர்க்க உதவும். ஜோடியின் பெயர், மண்டபம், போன் நம்பர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். தலைப்பில் அந்த இரண்டு 'ழ'வும் தெரிந்தால் போதும்.