யூபிளாக் ஆரிஜின்: போடலாமா, போட்டால் பாவமா?

பாபநாசம் அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்று ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் முதலில் நகைக்கடை, அப்புறம் கடன் ஆப், அதற்கும் மேலே திரையை முழுசாக மூடிக்கொண்டு ஒரு வீடியோ, அதை மூடும் பெருக்கல் குறியோ விரல் வைக்க முடியாத அளவுக்குச் சின்னது. இந்த எரிச்சலில்தான் போனில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரும் அதற்குள் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானும் போட்டேன். ஆண்ட்ராய்டு குரோமில் இந்த மாதிரி நீட்சி (பிரவுசரோடு ஒட்டவைக்கும் சின்ன மென்பொருள்) எதையும் சேர்க்க முடியாது, அதனால் பிரவுசரையே மாற்ற வேண்டியிருக்கிறது.

வேலை சுத்தம். விளம்பரத்தை இறக்கிவிட்டு மறைப்பதில்லை, பெரும்பாலும் இறங்கவே விடுவதில்லை. அதனால் டேட்டாவும் மிச்சம், மலையடிவாரத்தில் சிக்னல் இழுத்துக்கொண்டிருக்கும்போதும் பக்கம் திறக்கிறது. காசு கிடையாது. உருவாக்கிய ரேமண்ட் ஹில் நன்கொடைகூட வாங்குவதில்லை, ஏதாவது கொடுக்க நினைத்தால், எதையெல்லாம் தடுக்க வேண்டும் என்று சொல்லும் வடிகட்டிப் பட்டியல்களைப் பராமரிப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். பெயரில் 'ஆரிஜின்' இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள், வெறும் யூபிளாக் என்பது வேறு.

எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி இதைப் பார்த்துவிட்டு, "ஓசியில படிச்சிட்டு விளம்பரத்தையும் மறைச்சா அவன் எப்படிடே பொழைப்பான்?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் தினசரியில் வரும் ஜவுளிக்கடை விளம்பரம் நான் அடுத்து எந்தக் கடைக்குப் போகிறேன் என்று பின்னாலேயே வந்து பார்ப்பதில்லை. இணைய விளம்பரம் பார்க்கிறது. அதுவும் போகட்டும், தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத்திலேயே போலி நிறுவனங்கள் இருக்கின்றன, தடுப்பான் போட்டுக்கொள்ளுங்கள் என்று 2022 டிசம்பரில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயே சொன்னது. வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடி, முதலில் கண்ணில் பட்டதை அழுத்தும் பெரியவர்கள் நம் வீட்டிலும் இருக்கிறார்கள். விளம்பரத்தைத் தடுப்பது திருட்டு என்று சொன்னவர்கள் ஜெர்மனியில் வழக்கே போட்டுப் பார்த்தார்கள், 2018ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் ஆட்பிளாக் பிளஸ் என்ற இன்னொரு தடுப்பான் சட்டப்படி சரி என்றது. எனக்கு உறுத்துவது அந்த ஆட்பிளாக் பிளஸ் ஆட்கள் செய்யும் வேறொன்று: 'ஏற்கத்தக்க விளம்பரம்' என்று ஒரு பட்டியல் வைத்து, பெரிய நிறுவனங்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். வாசலில் நின்று வசூல் செய்வதற்கும் அறத்துக்கும் என்ன சம்பந்தம்? யூபிளாக் ஆரிஜினில் அந்தக் கதை இல்லை.

இருந்தாலும் அண்ணாச்சி சொன்னதில் பாதி உண்மை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது எந்தப் பாலம் மூடியிருக்கிறது, எந்த அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதையெல்லாம் உள்ளூர்ச் செய்தியாளர்களும் மழைக்கணக்கு எழுதுபவர்களும்தான் விடாமல் சொன்னார்கள். அப்படிப்பட்ட சின்னத் தளத்துக்கு விளம்பரக் காசை விட்டால் வேறு வருமானம் பெரிதாக இருக்காது. அந்தத் தளங்களில் மட்டும் யூபிளாக் ஆரிஜினில் இருக்கும் பெரிய பவர் பொத்தானை அழுத்தி அணைத்து வைத்திருக்கிறேன். அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அணையும், அடுத்த முறையும் நினைவில் வைத்திருக்கும். அவர்களும் திரையை மூடும் வீடியோ போட்டால் திரும்ப ஆன் செய்துவிடுவேன், அதில் தயவு தாட்சண்யம் இல்லை.

குறை என்றால், ஆப்களுக்குள் வரும் விளம்பரத்தை இது தொடாது. கம்ப்யூட்டர் குரோமிலும் இப்போது முழு வடிவம் ஓடாது, யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற சின்ன வடிவம் மட்டும்தான், அதற்கு வலு குறைவு. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், ஃபயர்ஃபாக்ஸில் போடுபவர்களுக்கு மட்டும்.